டாங்கோவின் ஊமைத் தலைவி!

ஒருவன் அழுகிறான், உலகம் கேட்கிறது. இசைத்தட்டில் அழுகிறான், வானொலியில் அழுகிறான், வெள்ளித்திரையில் அழுகிறான். நூறாண்டுகளுக்கு மேலாயின. அவன் கண்ணீர் வற்றவில்லை. கேட்போர் கூட்டமும் குறையவில்லை. அவன் துயரத்துக்குக் காரணம் ஒன்றே ஒன்று — அவள் போய்விட்டாள்!

யார் அவள்? ஏன் போனாள்? எங்கே போனாள்? போன இடத்தில் வாழ்ந்தாளா, வாடினாளா? பாடலைத் திருப்பித் திருப்பிக் கேட்டாலும் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வராது. வழக்கு நடக்கிறது, வாதி பேசுகிறான், தீர்ப்பையும் அவனே கூறிவிடுகிறான். எதிர்வாதியோ மன்றத்திலேயே இல்லை!

டாங்கோ என்றதும் நம்மவர் கண்முன் நிற்பது நடனம். கால்கள் பின்னுவதையும் தோள்கள் நெருங்குவதையும் படக்காட்சிகளிலே கண்டிருக்கிறோம். அந்த இசைக்குச் சொற்கள் உண்டு, அந்தச் சொற்களுக்கு ஒரு வாழ்க்கை உண்டு என்பதை அறிந்தவர் குறைவு. அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிசிலும் உருகுவேயின் மொந்தேவிதேயோவிலும் பிறந்த அந்தப் பாடல்களில் மிகுந்து ஒலிப்பது கைகூடாக் காதல். ஒருதலைக் காமத்துக்குக் 'கைக்கிளை' என்று பெயரிட்டனர் நம் இலக்கண நூலார். மறுமொழி பெறாத பேச்சே அதன் அடையாளம். அந்தச் சொல்லை இங்கே எடுத்தாளலாம், ஒரு வேறுபாட்டோடு. டாங்கோவின் காதலன் பெரும்பாலும் காதலே பெறாதவன் அல்லன்; பெற்று இழந்தவன். இருவர் காதலாக முளைத்தது, ஒருவர் காதலாக எஞ்சி நிற்கிறது. எஞ்சியவன் பாடுகிறான்.

அவன் பாட்டை நாம் எப்படிக் கேட்பது? இதுதான் நம் வினா.

கப்பலில் வந்த தனிமை

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அர்ஜென்டினா ஐரோப்பியரை வரவேற்றது. வயலுக்கு ஆள் வேண்டும், துறைமுகத்துக்கு ஆள் வேண்டும், இரயில் பாதைக்கு ஆள் வேண்டும். இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் கப்பல் கப்பலாக மக்கள் வந்து இறங்கினர். 1914-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி அந்நாட்டு மக்களில் 100-க்கு ஏறத்தாழ 30 பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். தலைநகரிலோ ஏறத்தாழ பாதிப்பேர்! வந்தவர்களில் ஆடவரே மிகுதி. மண்ணை விட்டு, மனையை விட்டு, மக்களை விட்டு வந்த அவர்களுக்கு நகரம் கொடுத்தது ஓர் அறை. முற்றத்தைச் சுற்றி அறைகள், அறைக்கு ஒரு குடும்பம், எல்லோருக்கும் பொதுவான குழாயடி. 'கொன்வெந்தீயோ' என்றனர் அந்த ஒண்டுக்குடித்தன வீடுகளை.

அந்த முற்றங்களிலும் புறநகர்ச் சந்துகளிலும், கேளிக்கை விடுதிகளிலும் வளர்ந்தது டாங்கோ. ஜெர்மனியில் தோன்றிய பாந்தோனியோன் என்னும் கைத்துருத்தி இசைக்கருவி, கடல் கடந்து வந்து அதன் குரலாயிற்று. தொடக்ககால டாங்கோவுக்குச் சொற்கள் இருந்ததுண்டு. அவை பெரும்பாலும் குறும்பும் வீம்பும் கலந்தவை. நெஞ்சைப் பிழியும் கதை இல்லை.

1917-இல் அது மாறிற்று. சாமுவேல் கஸ்திரியோத்தா என்பவர் அமைத்த சொல்லில்லா மெட்டு ஒன்றுக்குப் பாஸ்குவால் கொந்துர்சி சொற்களை எழுதினார். கார்லோஸ் கார்தெல் பாடி இசைத்தட்டில் பதித்தார். 'என் துயர இரவு' என்பது பாடலின் பெயர். டாங்கோ நடனத்திலிருந்து டாங்கோப் பாடல் பிரிந்து வளர்ந்தது இங்கிருந்துதான் என்று அதன் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

அப்பாடலில் என்ன நடக்கிறது? ஒன்றும் நடக்கவில்லை! காதலி போய்விட்டாள், அறை இருக்கிறது. கண்ணாடி இருக்கிறது, விளக்கு இருக்கிறது, அலமாரிக்குள்ளே கிதார் இருக்கிறது. இவை யாவும் அவனோடு சேர்ந்து வாடுகின்றன. அவள் வருவாளோ என்று கதவைச் சாத்தாமல் படுக்கிறான் அவன். அவளும் உடனிருப்பதுபோல் தின்பண்டம் வாங்கி வருகிறான். மாளிகை இல்லை, நிலவு இல்லை, நந்தவனம் இல்லை. ஒண்டுக்குடித்தன அறையின் தட்டுமுட்டுச் சாமான்களே காவியப் பொருளாகிவிட்டன. தெருப்பேச்சாகிய 'லுன்ஃபார்தோ'க் கொச்சையிலேயே அவளை விளித்துத் தொடங்குகிறது பாடல். ஏழையின் மொழியில், ஏழையின் அறையில், ஏழையின் துயரம்! இதற்கு இலக்கியத்திலே இடம் இல்லை என்பவர் இலக்கியத்தின் வாயிலைக் குறுக்குபவரே ஆவர்.

ஆண் அழலாமா?

அழும் டாங்கோவைப் பழித்தவர்கள் உண்டு. சிறியவர்கள் அல்லர், அர்ஜென்டினாவின் பேரெழுத்தாளர் போர்ஹெஸ் அவர்களில் ஒருவர். பழைய மிலோங்காப் பாட்டின் துணிவும் துடிப்பும் அவருக்கு உவப்பு. கார்தெல் கொண்டுவந்த உருக்கமும் ஏக்கமும் அவருக்குக் கசப்பு. கத்தி பிடித்த வீரன் கண்ணீர் வடிக்கும் காதலனாகிவிட்டானே என்பது அவர் மனக்குறை.

நாம் இதை ஏற்கவில்லை. கத்தியைக் கீழே போட்டவன் தாழ்ந்துவிட்டான் என்று எவர் சொல்வது? 1928-இல் என்ரிக்கே சாந்தோஸ் திசெப்போலோ 'மலேவாஹே' என்னும் பாடலை எழுதினார். 'முரடர் கூட்டம்' என்பது அதன் பொருள். வட்டாரத்தையே நடுங்கவைத்த சண்டியர் ஒருவன் காதல் வயப்படுகிறான். சண்டைக்கு அழைக்கிறார்கள், ஓடிவிடுகிறான்! செத்தாலோ சிறைப்பட்டாலோ அவளைக் காண முடியாதே என்ற அச்சம். தன் நிலையைக் கண்டு தானே திகைக்கிறான், கேட்பவர் சிரிக்கிறோம், சிரித்து முடிக்குமுன் ஒரு மனிதன் மென்மை அடைவதைக் காண்கிறோம். முரட்டுத்தனமே ஆண்மை என்று கற்பித்த தெருவில், "நான் அஞ்சுகிறேன், நான் ஏங்குகிறேன்" என்று ஓர் ஆண் ஊரறியப் பாடுவது சிறுசெயலா? டாங்கோ செய்த சீர்திருத்தம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

ஆனால் கண்ணீருக்கும் ஒரு சந்தை ஏற்பட்டுவிட்டது என்பதையும் மறைக்கக் கூடாது. 'லா கும்பர்சித்தா'வின் கதையைக் கேளுங்கள். மொந்தேவிதேயோவின் மாணவர் ஒருவர், ஹெரார்தோ மாத்தோஸ் ரொத்ரீகெஸ், மாணவர் களியாட்ட ஊர்வலத்துக்கென அமைத்த நடைமெட்டு அது. 1924-இல் அதே கொந்துர்சி, என்ரிக்கே மரோனியோடு சேர்ந்து அதற்குச் சொற்களை ஏற்றினார். இசையமைத்தவரின் இசைவைக் கேட்கவில்லை. வழக்கு மன்றம் வரை சென்றது தகராறு. ஏற்றிய சொற்கள் எவை? கைவிடப்பட்டவனின் புலம்பல்! ஊர்வலம் ஒப்பாரி ஆயிற்று. உலகம் முழுதும் விலைபோயிற்று. ஒருவன் உண்மையில் அழுதான். அடுத்தவன் அந்த அழுகையை அச்சில் வார்த்தான். வார்ப்படமான துயரத்தில் ஒரு பாத்திரம் நிலைத்துவிட்டது: துரோகி — அவள்.

முன்னிலையிலே நின்றவள்

பள்ளியிலே பிள்ளைகளுக்குத் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று மூவிடம் கற்பிக்கிறோம். அந்த அளவுகோல் ஒன்றே போதும், இந்தப் பாடல்களை அளக்க. தன்மையிலே நிற்பவன் அவன். முன்னிலையிலே நிற்பவள் அவள்: நீ போனாய், நீ மறந்தாய், நீ மாறினாய். படர்க்கைக்கு வந்தாலோ பழிச்சொல்: அவள் ஏய்த்தாள், அவள் விலைபோனாள். தன்மை இடத்துக்கு அவள் வருவதே அரிது. நான் ஏன் போனேன் என்று அவள் ஒரு வரி பேசியிருந்தால் பாடல் வேறாகியிருக்கும்.

செலெதோனியோ புளோரெஸ் எழுதி, கார்தெல் 1923-இல் பதித்த 'மானோ ஆ மானோ'வைப் பாருங்கள். 'சரிக்குச் சரி' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். வறுமையில் தனக்கு ஆதரவாக இருந்தவள் இன்று பணக்காரர் நடுவே மின்னுகிறாள். கணக்குத் தீர்ந்தது, உனக்கும் எனக்கும் கடன் இல்லை என்று விடை கொடுக்கிறான் அவன். நாளை நீ ஒதுக்கப்படும்போது உதவ நான் இருக்கிறேன் என்றும் சொல்கிறான். எவ்வளவு பெருந்தன்மை! அந்தப் பெருந்தன்மையை ஊன்றிக் கவனியுங்கள். அவள் ஒதுக்கப்படுவாள், முதுமையில் மூலையில் எறியப்படுவாள் என்பதை அவன் ஐயமின்றி நம்புகிறான். வாழ்த்தின் உள்ளே சாபம் இருக்கிறது; சாபத்தின் அடியிலே அன்பும் இருக்கிறது. மூன்றையும் ஒரே மூச்சில் சொன்ன புளோரெசின் கைத்திறம் உயர்ந்தது. ஆயினும் அவள் சார்பில் ஒரு வினா எழுகிறது: அந்த ஒண்டுக்குடித்தன அறையில் அவளுக்கு என்ன எதிர்காலம் இருந்தது?

தையல் வேலை, சலவை வேலை, வீட்டு வேலை, தொழிற்கூடத்தில் கூலி வேலை — இவை ஏழைப் பெண்ணுக்குத் திறந்திருந்த கதவுகள். இன்னொரு கதவும் திறந்திருந்தது. விலைமாதர் விடுதிகளுக்கு 1875 முதல் உரிமம் கொடுத்து நடத்தவிட்டது புவெனஸ் ஐரிஸ் நகராட்சி. நாடு முழுதும் அவற்றை மூட 1936-இல்தான் சட்டம் வந்தது. தடம் மாறிய தையற்காரப் பெண்ணை, டாங்கோப் பாடலுக்கு முன்பே கவிதையில் வைத்தார் எவாரிஸ்தோ கார்ரியேகோ. 1912-இல் மறைந்துபோன ஏழைத் தெருக்களின் கவிஞர் அவர். 1920-இல் வந்த 'மிலோங்கீத்தா' என்னும் பாடல் அப்படியொரு பெண்ணுக்காக இரங்குகிறது. அவள் கேட்டுக்கு ஆடவரையும் பொறுப்பாக்குகிறது. அது நேர்மையான குரல். ஆனால் அந்த நேர்மை எல்லாப் பாடல்களுக்கும் வாய்க்கவில்லை.

சட்டம் என்ன செய்தது? 1871-இல் நடைமுறைக்கு வந்த அந்நாட்டு உரிமையியல் சட்டம் மணமான பெண்ணைக் கணவனின் ஆளுகைக்கு உட்படுத்திற்று; அவன் இசைவின்றி அவள் ஒப்பந்தம் செய்ய இயலாது. தன் உழைப்பின் ஊதியத்தைத் தானே ஆளும் உரிமை 1926-இல் கிடைத்தது. நாடாளுமன்றத் தேர்தலுக்கு வாக்குரிமை 1947-இல். மணமுறிவு? 1954-இல் ஒருமுறை சட்டம் வந்தது, 1956-இல் நிறுத்திவைக்கப்பட்டது, நிலையாக வந்தது 1987-இல்! அதுவரை வெறுத்துப்போன மணத்திலிருந்து வெளியேறி மறுமணம் செய்துகொள்ள ஒரு பெண்ணுக்கு முறையான வாயில் இல்லை. வாயிலை அடைத்துவிட்டுச் சன்னல் வழியே ஏறிக் குதித்தவளைத் திருடி என்று அழைப்பது எந்த நீதி?

ஒண்டுக்குடித்தனப் பெண் இயல்பிலே ஊமையும் அல்லள். 1907-இல் வாடகை உயர்வை எதிர்த்துப் புவெனஸ் ஐரிஸ் குடியிருப்போர் வேலைநிறுத்தம்போல் வாடகை நிறுத்தம் செய்தபோது, துடைப்பங்களை ஏந்தித் தெருவிலே வந்தவர்கள் பெண்கள். வீட்டுக்காரனிடம் முழங்கிய அந்த வாய், பாட்டுக்காரனிடம் வந்ததும் எப்படி அடைபட்டது? அவள் பேசவில்லை என்பதைவிட, பேசவிடப்படவில்லை என்பதே பொருந்தும்.

கண்ணீரிலிருந்து கத்திக்கு

பேசாதவள்மேல் எதையும் ஏற்றலாம். 1927-இல் கார்தெல் பதித்த 'விளக்கொளியில்' என்னும் பாடலில் ஒருவன் காவலரிடம் சரண் அடைகிறான். நம்பிய நண்பனும் தன்னவளும் தன்னை ஏய்த்தனர் என்கிறான், இருவரையும் கொன்றுவிட்டான், சான்றுப்பொருளையும் பையிலே கொண்டுவந்திருக்கிறான். பாடல் அவனைக் கொடியவனாகக் காட்டவில்லை. மானம் காத்தவனாகக் காட்டுகிறது. 1931-இல் ஒரு படத்துக்காக மனுவேல் ரொமேரோ எழுதிய 'தோமோ இ ஒப்லீகோ'வில், மதுக்கடையிலே குடித்துக்கொண்டிருப்பவன், அவளைக் கொல்லாமல் விட்டதையே தன் பொறுமைக்குச் சான்றாகக் கூறுகிறான். ஆண் அழலாகாது என்று அறிவுரையும் வழங்குகிறான், அழுதுகொண்டே!

திசெப்போலோ, லூயிஸ் செசார் அமதோரியோடு எழுதிய 'வாக்குமூலம்' இன்னும் நுட்பமானது. ஆகவே இன்னும் கொடியது. வாழ்வில் தோற்றுப்போனவன், தன்னோடு சேர்ந்து அவளும் அழியக் கூடாது என்று எண்ணுகிறான். அவள் தன்னை வெறுத்து விலகட்டும் என்று அவளை அடிக்கிறான். அவள் போகிறாள், நல்வாழ்வு பெறுகிறாள், இவன் அதை எட்டநின்று கண்டு பெருமைப்படுகிறான். அடியும் தியாகமாகிவிட்டது! விட்டுப்போ என்று சொல்ல வாய் இல்லையா? ஏன் கை ஓங்கியது? அடிபட்டவள் அதை அன்பின் அடையாளமாக எண்ணியிருப்பாளா? பாடல் அவளைக் கேட்கவில்லை. பாடல் இனிமையானது, இசை நெஞ்சை அள்ளுவது. அதனால்தான் அஞ்ச வேண்டியிருக்கிறது. கசப்பான நஞ்சைக் குழந்தையும் துப்பிவிடும். இனிப்பான நஞ்சுக்குத்தான் எச்சரிக்கை வேண்டும்.

பாடலா கத்தியைக் கையில் கொடுத்தது என்று கேட்கலாம். பாடல் கத்தியைக் கொடுக்கவில்லை. கத்திக்கு ஒரு காரணத்தைக் கொடுத்தது. 2015 சூன் 3-ஆம் நாள், பெண்களின் கொலைகளை எதிர்த்து, இனி ஒருத்தியும் குறையக் கூடாது என்ற முழக்கத்தோடு புவெனஸ் ஐரிசில் பெருந்திரள் கூடிற்று. மானத்துக்காகக் கொன்றேன் என்ற பழம்பாட்டு இன்னும் சிலர் காதில் இனிக்கிறது என்பதால்தான் அந்தத் திரள் கூட வேண்டியிருந்தது.

அவள் பேசியபோது...

பேசியவர்கள் இருந்தார்கள். ஆடவர் உடையணிந்து மேடையேறிப் பாடிய அசுசேனா மைசானி, 1928-இல் 'ஆனால் நான் அறிவேன்' என்ற பாடலைத் தாமே இயற்றினார். கேளிக்கையிலே இரவைக் கழிக்கும் செல்வ இளைஞனைப் பார்த்து, உன் சிரிப்புக்கு அடியிலே மறக்கமுடியாத ஒருத்தி இருக்கிறாள் என்று உணர்த்துகிறாள் அதைப் பாடுபவள். துயருற்றவனைப் பெண் அறிந்துகொள்கிறாள், பழிக்கவில்லை. மெர்செதெஸ் சிமோனே 1931-இல் தாமே எழுதி, தாமே மெட்டமைத்துப் பாடியது 'பாடிக்கொண்டே'. இங்கே கைவிடப்பட்டவள் பெண். அவனும் அவளை விட்டுத்தான் போனான்! அவள் கத்தியைத் தேடவில்லை. அவனைத் துரோகி என்று ஏசவில்லை. தன் துயரைப் பாட்டாக்கிக் கொள்கிறாள். அதே இழப்பு, அதே தனிமை, பழி மட்டும் இல்லை. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: காதல் இழந்த துயரத்துக்குப் பழிச்சொல் இன்றியமையாத உறுப்பு என்பது பொய் என்று விளங்கும்.

என்ரிக்கே கதீகமோவின் சொற்களோடு 1930-இல் வந்தது 'ஒருநாளும் காதலன் வாய்க்காதவள்'. காதலுக்காகக் காத்துக் காத்து மணமாகாமல் மூப்பெய்தியவளைப் பற்றியது. வீணே காத்திருக்கும் ஒரு பெண்ணின் கதையையே அவள் மீண்டும் மீண்டும் படித்துக்கொண்டிருக்கிறாள். இரக்கம் மிக்க பாடல்தான். ஆயினும் காத்திருத்தல் தவிர அவளுக்கு வேறு வாழ்வே இல்லையா என்று எவரும் கேட்கவில்லை.

கேட்டவர் ஒருவர் உண்டு. ஆனால் தம் பெயரில் கேட்க இயலவில்லை. இதழாளராகவும் விளங்கிய மரியா லூயிசா கார்னெல்லி, 'லூயிஸ் மாரியோ', 'மாரியோ காஸ்த்ரோ' என்ற ஆண்பெயர்களில் டாங்கோப் பாடல்களை எழுதினார். அவற்றுள் ஒன்று 'போகிறது வாழ்வு'. இளம்பெண்ணை நோக்கிய அறிவுரை அது: காலம் நிற்காது, கவலையை உதறு, கிடைக்கும் வாழ்வை வாழ்! செல்வன் வசதி செய்து தந்தால் அதையும் ஏற்றுக்கொள் என்கிறது. ஒழுக்கம் பேசுவோர் முகம் சுளிக்கலாம். நாமும் செல்வனின் தயவைப் பெண்ணின் விடுதலை என்று சொல்லமாட்டோம். ஆயினும் நூறு பாடல்களில் ஆடவர் எதைத் துரோகம் என்று தூற்றினார்களோ, அதை ஒரு பெண் எழுதும்போது வாழ ஆசைப்படுதல் என்று எழுதுகிறாள். எதிர்வாதியின் வாக்குமூலம் கடைசியில் கிடைத்துவிட்டது, பொய்ப்பெயரில்தான் கிடைத்தது. அந்தப் பொய்ப்பெயரே அக்காலத்துக்கு ஒரு குற்றப்பத்திரிகை அல்லவா?

என்ன செய்வது?

இந்தப் பாடல்களைக் கொளுத்திவிடலாமா? கூடாது. 2009-இல் யுனெஸ்கோ டாங்கோவை மானிடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. ஆனால் பட்டியலில் சேர்ந்துவிட்டது என்பதற்காகத் தலைமேல் வைத்துத் துதிக்கவும் வேண்டியதில்லை. தேர்ந்து கேட்போம்.

தேர்ந்து கேட்பவருக்குத் திசெப்போலோவே ஒரு வழியைக் காட்டிச் சென்றார். 1943-இல் மரியானோ மோரெசின் இசைக்கு அவர் எழுதிய 'ஊனோ' — 'ஒருவன்' — இந்த வகைப் பாடல்களின் சிகரம் என்பது நம் கருத்து. நெஞ்சையெல்லாம் கொடுத்து ஏமாந்தவன் முன்னே இன்னொருத்தி வருகிறாள், நல்லவள், அன்பு தருகிறாள். அவனால் திருப்பித் தர இயலவில்லை. கொடுக்க நெஞ்சம் எஞ்சவில்லை! கவனியுங்கள்: இப்போது ஒருதலைக் காதலுக்கு ஆளானவள் அந்தப் புதியவள். காதல் பெறாதவன், காதல் தராதவனாகவும் ஆகிறான். பழையவள்மேல் பழியைக் கொட்டித் தீர்ப்பதைவிடத் தன் வெறுமையைத் தானே அளந்து பார்ப்பதில்தான் இப்பாடலின் நெஞ்சு இருக்கிறது. அழவைத்தவள் ஒருத்தி என்று தொடங்கிய டாங்கோ, நானும் ஒருத்தியை அழவைக்கிறேனே என்று உணர்ந்த இடம் இது. பாடுபவன் முதன்முறையாகத் தன் எதிரே நிற்பவளைக் காண்கிறான்.

கப்பலேறி வந்தவனின் தனிமை மெய். பூட்டாத கதவும் எரியாத விளக்கும் மெய். வறுமை மெய், ஏக்கம் மெய். அவற்றை மறுப்பவர் மனிதரை மறுப்பவர். ஆனால் வறுமைக்குச் செல்வனைக் கேட்காமல், தனிமைக்கு நாட்டைக் கேட்காமல், அடைத்த வாயிலுக்குச் சட்டத்தைக் கேட்காமல், எல்லாவற்றுக்கும் ஒருத்தியைக் கூண்டிலேற்றியது பொய்.

அழுபவனுக்குத் தோள் கொடுப்போம். அவன் பழிக்குத் தலையாட்ட மாட்டோம். அடுத்தமுறை அந்த இசைத்தட்டு சுழலும்போது, பாடுகிறவனைக் கேட்கும் ஒரு காதோடு, பேசாதவளுக்காகவும் ஒரு காதைத் திறந்து வைப்போம்!